பன்னிரண்டாவது முடிச்சு

என் செல்லக் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப் பயலும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழாமல் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் எங்கள் வயசுக்குத் தக்க சௌக்கியம். அப்பாவுக்குக் கண்ணில் ஒரு நாளைக்கு மூன்று வேளை சொட்டு மருந்து விட வேண்டும். கண்ணைத் திறங்கள் என்றால் மனிதர் வாயைத் திறக்கிறார், கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். நாற்பது வருஷம் கடிகாரம் பழுது பார்த்தவர், கண்ணுக்கே தெரியாத திருகாணியை எல்லாம் இடுக்கியால் எடுத்தவர், ஒரு சொட்டுத் தண்ணீருக்கு இப்படி நடுங்குகிறார். கேட்டால், நான் எங்கே பயப்படுகிறேன், கண்தான் பயப்படுகிறது என்கிறார். என் முழங்கால் பழையபடிதான், படியேறும்போது மட்டும் தன் இருப்பைக் காட்டிக்கொள்கிறது. குழந்தைகள் காப்பகத்தை மூடி ஆறு வருஷம் ஆகியும் கீழ்க் கூடத்தை வாரத்துக்கு ஒருமுறை பெருக்கிவிட்டுத்தான் வருகிறேன். பிள்ளைகள் பை மாட்டுவதற்காக என் முழங்கால் உயரத்தில் அடித்த கொக்கிகளை இன்னும் பிடுங்கவில்லை. மீன், குடை, மணி, வாளி என்று ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒட்டிய படங்களில் பாதி உரிந்து போய்விட்டன. உன்னுடைய குடை இருக்கிறது. அதில்தான் இப்போது கடைப் பையை மாட்டுகிறேன், குனிந்து நிமிர்வதற்குள் உயிர் போகிறது, ஆனாலும் அங்கேதான் மாட்டுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உன் பள்ளிக்கூடத்தில் அபாய மணி அடித்ததும், ஆசிரியர்கள் டீ போடுகிற அறையில் யாரோ ரொட்டியைக் கருக விட்டதுதான் காரணம் என்று பிறகு தெரிந்ததும், அதெல்லாம் சிரிப்பாகத்தான் சொன்னாய். உன் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரை வரிசையாக நிறுத்திப் படி இறக்கினாய். அந்தப் பதினெட்டில் ஒருவனான உன் மகனை எல்லோருக்கும் கடைசியில் நிறுத்தினாய். அவன் அழுதுகொண்டே உன்னிடம் ஓடி வந்தபோது மறுபடியும் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கடைசியிலேயே நிறுத்தினாய். கீழே மைதானத்தில் எண்ணிப் பார்த்தால் பதினேழு பேர்தான் இருந்தார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் அவனை மேசைக்கு அடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தாள், கால்சட்டை நனைந்திருந்தது. அன்றிலிருந்து பயல் உன் கையைப் பிடிப்பதில்லை, அப்பா விரலைத்தான் பிடித்துக்கொண்டு நடக்கிறான், உனக்கு அவங்கதானே வேணும் என்று உன் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டான் என்று சொன்னாய். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ செஞ்ச மாதிரிதான்மா நானும் செஞ்சேன்" என்றாய். அழுகைக்கு நடுவில் அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நான் நல்லதுடா, எல்லாம் சரியாகிவிடும், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் ஒன்றும் இல்லை.

போனில் சொன்னால் பாதியிலேயே நீ பரவாயில்லம்மா என்று சொல்லிவிடுவாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவேன். கடிதத்தில் குறுக்கே பேச ஆள் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

நீ அப்போது நாலு வயசு. கீழ்க் கூடத்தில் உன்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பிள்ளைகள். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நீயும் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். ஆறு மணிக்குக் கடைசிப் பிள்ளை போனதும் கதவைச் சாத்துவேன், அந்தத் தாழ்ப்பாள் விழுகிற சத்தத்துக்காகவே காத்திருந்த மாதிரி அம்மா என்று கத்திக்கொண்டு வந்து காலைக் கட்டிக்கொள்வாய். பழைய துணிகளைக் கிழித்து மூன்று புரியாகப் பின்னி ஒரு கயிறு செய்திருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா, பன்னிரண்டு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை. பூங்காவுக்குக் கூட்டிப்போகும்போது கயிற்றின் தலைப்பு என் கையில் இருக்கும், முதல் முடிச்சு உன் கையில், வால் ஆயா கையில். தெருவே ரயில் வருது ரயில் வருது என்று ஒதுங்கி வழிவிடும். இஸ்திரிக்கடைக்காரர் தினமும் பெட்டியைத் தூக்கிப் பச்சைக் கொடி காட்டுவார். பால் குடிக்கும்போது நீங்கள் போடுகிற சண்டையும் எனக்கு மறக்காது. எல்லா டம்ளரிலும் ஒரே அளவுதான் என்று எத்தனை தரம் காட்டினாலும் ஒவ்வொன்றும் அடுத்தவன் டம்ளரைத்தான் எட்டிப் பார்க்கும். பங்கிட்டுக் குடிக்கணும், முந்தக்கூடாது, தள்ளக்கூடாது என்று நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணி இருக்கும். பதினொரு பிள்ளைகளும் முன்கூடத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உனக்கு இருமல், மற்றவர்களை எழுப்பிவிடுவாய் என்று உன்னைப் பின்னறையில் தனியாகப் படுக்க வைத்திருந்தேன். அந்த அறையைத் தாண்டினால் பின்கதவு, கதவுக்கு வெளியே துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் சுவர், உனக்குத்தான் தெரியுமே. ஆயா உனக்கு இருமல் மருந்து வாங்கத்தான் போயிருந்தாள். நான் இரண்டு அறைக்கும் நடுவில் வாசற்படியில் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். இஸ்திரிக்கடைக்காரர் சூடான பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டு எங்கேயோ போயிருக்கிறார், அது எனக்கு எப்படித் தெரியும், அவர் கடைக்கும் நம் கூடத்துக்கும் பொதுவான சுவரில் மேலே சின்ன ஜன்னல் இருந்தது அல்லவா, அது வழியாகக் கரும்புகை குபுகுபுவென்று இறங்கியது. ஆபத்து வந்தால் கையும் ஓடாது காலும் ஓடாது என்பார்கள். எனக்கு இரண்டும் நன்றாகவே ஓடின. எனக்கு இடது பக்கம் பதினொரு பிள்ளைகள், வலது பக்கம் நீ. யோசித்தேன் என்று எழுதினால் பொய். எனக்கு நினைவு வந்தபோது நீ என் இடுப்பில் இருந்தாய், நான் வெளியே தொட்டி ஓரம் நின்றுகொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். உன்னைத் துவைக்கிற கல்லில் உட்கார வைத்துவிட்டு நான் திரும்பிப் போய்ப் பின்கதவைச் சாத்தினேன். உள்ளே போய்ச் சாத்தவில்லை, வெளியே நின்று இழுத்துச் சாத்திக் கொண்டியும் போட்டேன். புகை உன் பக்கம் வந்துவிடக்கூடாது என்று. முன்கூடத்தில் பதினொரு பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்பது அந்த நேரத்தில் என் தலையிலேயே இல்லை, சத்தியமாக இல்லை. உன் மூக்கைத் துடைத்தேன், நெஞ்சில் காதை வைத்து இரைப்பு இருக்கிறதா என்று கேட்டேன், கலைந்த முடியைக்கூட ஒதுக்கிவிட்டேன். அப்போதுதான் கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். சின்னக் கை, பலமே இல்லாத தட்டல். டீச்சரம்மா என்று குரல் வந்தது, எதிர்வீட்டுத் தையல்கார அத்தையின் மகன், நாம் உருண்டை என்று கூப்பிடுவோமே அவன். அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் நான் யார் என்பதே எனக்கு ஞாபகம் வந்தது.

அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். உன்னை இங்கேயே இரு, அசையாதே என்று மிரட்டிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே ஓடினேன், உருண்டையை இடுப்பில் போட்டுக்கொண்டு மற்றவர்களைத் தட்டி எழுப்பி, கயிற்றைக் கையில் கொடுத்து, முன்கதவு வழியாகத் தெருவுக்குக் கொண்டு வந்தேன். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. இஸ்திரிக்கடையில் எரிந்ததும் இரண்டு போர்வையும் ஒரு கால்சட்டையும்தான். கடைக்காரர் ஓடி வந்து புகைக்குள் புகுந்து எதைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார் தெரியுமா, தன் சாப்பாட்டுத் தூக்கை. ஊர்த் துணியெல்லாம் உள்ளே கிடக்கிறது, மனிதர் தூக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கிறார், பிறகு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. தையல்கார அத்தை கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்து உருண்டையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்கு ஓடினாள். அங்கே போய் நின்ற பிறகுதான் எண்ணிப் பார்த்து, உன் பொண்ணு எங்கே என்று கத்தினாள். பின்பக்கம் இருக்கா என்று சொல்லிவிட்டு நான் மறுபடி உள்ளே ஓடினேன். நீ சொன்ன இடத்திலேயே உட்கார்ந்து வாளித் தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாய். உன்னைத் தூக்கிக்கொண்டு புகை வழியாக முன்வாசலுக்கு வந்தேன், தெருவே பார்த்தது. "பெத்த பிள்ளையைக் கடைசியில தூக்கிட்டு வர்றா பாருங்க" என்று அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், புகை நெஞ்சில் ஏறி இருமல் வந்துவிட்டது. நான் இருமி முடிப்பதற்குள் அது தெருமுனை வரைக்கும் போய்விட்டது. அதற்கப்புறம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதுதான் உண்மை.

பன்னிரண்டு பிள்ளைகள் முப்பதானார்கள். வேறு தெருவிலிருந்தெல்லாம் வந்து சேர்த்தார்கள், சொந்தப் பிள்ளையைக் கடைசியாக எடுத்த டீச்சரம்மா என்று எனக்குப் பேர். அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொண்டிச் சத்தம் கேட்கும். பொய்யை எப்படியாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது எனக்கு, அதை உன்மேல்தான் காட்டினேன். முதல் முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவளைப் பன்னிரண்டாவது முடிச்சுக்கு அனுப்பினேன். பால் உனக்குக் கடைசி, தலைவாரல் கடைசி, ஊஞ்சலில் கடைசி. கீழே விழுந்து முட்டி தேய்ந்து வந்தால்கூட, இரு, அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பேன். கொஞ்ச நாளில் நீயே போய்க் கடைசியில் நிற்கப் பழகிக்கொண்டாய். எவ்வளவு சமர்த்து என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சேர்ந்து சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். உனக்குப் பத்து வயசிருக்கும், தலைவாரிவிடும்போது, "அன்னைக்கு நான் வெளியில தொட்டிகிட்டதானே உக்காந்திருந்தேன், நீ என் மூக்கைத் துடைச்சே இல்ல" என்று கேட்டாய். நீ ஏதோ கனவு கண்டிருப்பாய் என்று சொன்னேன். நீ என்னை நம்பி அந்த ஞாபகத்தை விட்டுவிட்டாய், அதற்கப்புறம் கேட்கவே இல்லை. அது கனவு இல்லைடா. நீ சொன்னதுதான் நடந்தது.

அப்பாவுக்கு அன்றைக்கே தெரியும். சாயங்காலம் உன் கவுனைத் துவைத்துக் காயப்போட்டவர் அவர்தான். என் சேலை துணி எல்லாம் ஒரு வாரம் புகை நாறியது. உன் கவுனை முகர்ந்து பார்த்துவிட்டு, இதுல புகை வாசமே பெருசா இல்லையே என்று மட்டும் சொன்னார், கொடியில் போட்டுக் கிளிப் மாட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதைப் பற்றி மறுபேச்சு இல்லை. இப்போது உனக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, எழுது, ஆனால் முதலில் எதிர்வீட்டில் சொல் என்றார். நியாயம்தான். கதவைத் தட்டியது அவள் பிள்ளை அல்லவா.

தையல்கார அத்தைக்கு இப்போது ஊசிக்காது தெரிவதில்லை. தினமும் நாலு மணிக்கு நான் போய்ப் பத்து ஊசியில் நூல் கோத்துப் பஞ்சுத் திண்டில் குத்தி வைத்துவிட்டு வருவேன், அடுத்த நாள் வரைக்கும் அது தாங்கும். போன வாரம் மூன்றாவது ஊசியைக் கோத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். மிஷினை நிறுத்திவிட்டாள். கேட்டதெல்லாம் ஒன்றுதான், என் பிள்ளை தட்டினானா என்று. ஆமாம்க்கா என்றேன். என் மடியிலிருந்து திண்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன். மூன்று நாள் அவள் வாசல் பக்கம்கூடப் பார்க்கவில்லை. உருண்டைக்கு இப்போது தலை முழுக்க வழுக்கை, இரண்டு பெண்ணுக்கு அப்பன், அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. ஆனால் அவளுக்கு அவன் இன்னும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்துச் சிநேகம் போயிற்று, போகட்டும், அது என் கடன் என்று இருந்தேன். நேற்று மூட்டு வலிக்கிற காலை வைத்துக்கொண்டு நம் வீட்டுப் படி அத்தனையும் ஏறி வந்தாள். உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "மூணு நாளா உம்மேல ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். அன்னைக்கு நான் என் பிள்ளையை மட்டும் பிடுங்கிக்கிட்டு ஓடினேன். மத்தது என்ன ஆச்சுன்னு எதிர்ச்சாரிக்குப் போய்த்தான் பாத்தேன். உள்ள நான் இருந்திருந்தா கதவைச் சாத்திருப்பேன். தெறந்திருப்பேனான்னு தெரியலை. நீ தெறந்தே." கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை என்றும் சேர்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டுத் திண்டை என் மடியில் வைத்து, மூணு நாளா ஒரு பட்டன்கூடத் தைக்க முடியலை, கோத்துக் கொடு என்றாள். எனக்கு அழுகையில் ஒரு ஊசிக்காதும் தெரியவில்லை, கடைசியில் அப்பாதான் கோத்துக் கொடுத்தார்.

இனி உன் விஷயம். நீ செய்தது தப்பு என்று எழுதவில்லை. அந்தப் பதினேழு பேரையும் பெற்றவர்கள் உன்னை நம்பித்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள், மணி அடித்தால் அவர்களுக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை. வரிசை வேண்டும், எண்ணிக்கை வேண்டும், அதெல்லாம் சரி. ஆனால் டீச்சர் பிள்ளை கடைசியில்தான் நிற்க வேண்டும் என்று உன் பள்ளிக்கூடத்தில் எந்தத் தாளில் எழுதியிருக்கிறது? உயரப்படி நின்றிருந்தால் அவன் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ நின்றிருப்பான். அழுதுகொண்டு ஓடி வந்த பிள்ளையை இரண்டாவது தரமும் கொண்டுபோய்க் கடைசியில் நிறுத்தினது உங்கள் பள்ளிக்கூடத்துச் சட்டம் இல்லை, நான். நான் பயந்துபோய் உன்மேல் போட்ட சட்டம் அது, நடக்காத ஒன்றை வைத்துப் போட்டது. அதை நீ எடுத்துக்கொண்டு போய் உன் பிள்ளைமேல் போட்டுவிட்டாய். என்னோடு அது முடியட்டும்.

அவனை மடியில் உட்கார வைத்துக்கொண்டு ஒன்று மட்டும் சொல். மணி அடித்த உடனே உன் கால் எந்தப் பக்கம் போகப் பார்த்தது என்று சொல். எனக்குத் தெரியும் எந்தப் பக்கம் என்று, அவனுக்குத்தான் தெரியாது. கால் உன்னிடம்தான் வந்தது, நான்தான் பிடித்து நிறுத்தினேன், நிறுத்துவதற்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று சொல். ஐந்து வயசுப் பிள்ளைக்கு அது புரியும். உனக்கு நான் அதைச் சொல்லவே இல்லை. சொல்லாமல் விட்டதோடு, இருந்த ஞாபகத்தையும் கனவு என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டேன். உன் சின்ன வயசு முழுக்க எல்லாவற்றுக்கும் கடைசியில் நின்றாயே குட்டி, உன்னைத்தான் நான் முதலில் எடுத்தேன். பன்னிரண்டு பிள்ளைகளில் முதலில் எடுத்தேன். அதற்காக இத்தனை வருஷம் வெட்கப்பட்டேன். கதவைச் சாத்தியதற்கு இன்னும் வெட்கப்படுகிறேன், சாகிற வரைக்கும் படுவேன். உன்னை எடுத்ததற்கு இனிமேல் படப் போவதில்லை.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். பயலுக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம், துடைத்துக்கொண்டால் இன்னும் இரண்டு. மறக்காமல் உன் இருமலுக்கு டாக்டரைப் பார், போனில் நாலு தரம் இருமினாய், எண்ணினேன். இதைப் படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் கோபமாகவே பதில் எழுது, அதற்கு உனக்கு உரிமை உண்டு. பரவாயில்லம்மா என்று மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
உன்னை முதலில் தூக்கிக்கொண்டு ஓடிய
அம்மா